ஓடக்கூடாது என்றார் வைத்தியர்! ஏழு முறை வென்றார் டிமார்!

1911-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி. அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு வெளியே ஆஷ்லண்டு என்ற சிறிய ஊர். அன்று அங்கே ஒரே கூட்டம். பாஸ்டன் மாரத்தான் ஓட்டப் பந்தயம் புறப்படும் இடம் அதுதான்.

ஓட வந்தவர்களை வைத்தியர்கள் பரிசோதித்துக் கொண்டிருந்தார்கள். வரிசையில் ஒரு வாலிபர் நின்றார். வயது 22. மெலிந்த தேகம். அச்சுக்கூடத் தொழிலாளி. வைத்தியர் அவருடைய மார்பில் கருவியை வைத்துக் கேட்டார். அவர் முகம் மாறியது. மறுபடியும் கேட்டார்.

இருதயம் துடிக்கும் சத்தத்தோடு வேறொரு சத்தமும் கேட்டது. இரைச்சல் போன்ற சத்தம். இருதயத்தில் கோளாறு இருக்கிறது என்று வைத்தியர் முடிவு கட்டினார். களைப்புத் தட்டினால் உடனே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும், இதுவே கடைசிப் பந்தயமாக இருக்கட்டும் என்று வாலிபருக்குப் புத்தி சொன்னார்.

வாலிபர் தலையை ஆட்டினார். போய் வரிசையில் நின்றார். ஓடினார். முதலாவதாக வந்தார்! அது மட்டுமல்ல. அதுவரை யாரும் அந்தப் பாதையை அவ்வளவு வேகமாகக் கடந்ததில்லை. 2 மணி 21 நிமிடம் 39 விநாடி. பழைய சாதனையைவிட ஏறக்குறைய 3 நிமிடம் குறைவு.

அந்த வாலிபரின் பெயர் கிளாரன்ஸ் டிமார். அவருடைய இருதயம் உண்மையிலேயே கெட்டுப்போன இருதயமா? அந்தக் கேள்விக்கு முழு விடை கிடைக்க ஏறக்குறைய 50 வருஷம் ஆயிற்று. விடை கிடைத்தபோது டிமார் உயிரோடு இல்லை.

தகப்பன் இல்லாத பிள்ளை

டிமார் 1888-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி பிறந்தார். ஒஹையோ மாகாணத்தில் மடீரா என்ற ஊர். ஏழைக் குடும்பம். அவருக்கு 8 வயதானபோது தகப்பனார் இறந்துவிட்டார். தாயாருக்கு உதவ, சிறுவன் டிமார் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். ஊசி, நூல், சோப்பு போன்ற சில்லறைச் சாமான்களை வீடு வீடாக விற்றான். பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கால்நடையாகவே போய் வந்தான். பிற்காலத்தில் உலகம் மெச்சிய அந்தக் கால்களுக்கு முதல் பயிற்சி பசிதான் கொடுத்தது.

இரண்டு வருஷம் கழித்துக் குடும்பம் மாசசூசெட்ஸ் மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தது. எல்லாப் பிள்ளைகளையும் வைத்துக் காப்பாற்றத் தாயாரால் முடியவில்லை. டிமாரை ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டார். அந்தப் பள்ளி பாஸ்டன் துறைமுகத்தில் ஒரு தீவின் மேல் இருந்தது. திக்கற்ற சிறுவர்களுக்குப் பண்ணை வேலையும் கைத்தொழிலும் கற்றுக்கொடுக்கும் இடம் அது. நாலு பக்கமும் தண்ணீர். நினைத்தால் வீட்டுக்குப் போய்வர முடியாது. அங்கேதான் டிமார் வளர்ந்தார்.

பிறகு வெர்மான்ட் மாகாணத்தில் ஒரு பழத்தோட்டத்தில் வேலைக்குப் போனார். கையில் சேர்ந்த காசை வைத்துக்கொண்டு வெர்மான்ட் சர்வகலாசாலையில் சேர்ந்தார். அங்கே காடு மேடெல்லாம் ஓடும் நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 21. மற்ற விளையாட்டு எதிலும் அவர் கெட்டிக்காரர் அல்ல. ஆனால் நீண்ட தூரம் ஓடினால் மற்றவர்கள் களைத்துப்போகும் நேரத்தில் அவருக்குக் களைப்பு வருவதில்லை.

பட்டம் வாங்கும் வரை படிக்கக் குடும்ப நிலை இடம் கொடுக்கவில்லை. படிப்பை விட்டுவிட்டுப் பாஸ்டன் பக்கம் வந்து அச்சுக்கூடத்தில் வேலைக்கு அமர்ந்தார். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் கம்பாசிட்டர் வேலை. நாள் முழுவதும் நின்றுகொண்டே செய்ய வேண்டிய வேலை. வீட்டிலிருந்து அச்சுக்கூடத்துக்கு ஓட்டமாகவே போவார். வேலை முடிந்ததும் ஓட்டமாகவே திரும்புவார். வண்டிச் சத்தமும் மிச்சம். பயிற்சியும் ஆயிற்று!

1910-ம் ஆண்டு முதல் தடவையாகப் பாஸ்டன் மாரத்தானில் ஓடினார். இரண்டாவதாக வந்தார். அடுத்த வருஷம்தான் வைத்தியரின் எச்சரிக்கை. அதே நாளில் வெற்றியும்.

வைத்தியர்கள் ஏன் பயந்தார்கள்?

அந்த வைத்தியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்து வைத்திய நூல்கள் அப்படித்தான் போதித்தன.

1899-ம் ஆண்டு ஸ்வீடன் தேசத்தில் ஹென்ஷன் என்ற வைத்தியர் ஓர் ஆராய்ச்சி செய்தார். பனிமேல் சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு நெடுந்தூரம் ஓடும் வீரர்களைப் பரிசோதித்தார். இருதயத்தைப் படம் பிடித்துப் பார்க்கும் வசதி அப்போது எல்லா இடத்திலும் இல்லை. மார்பின் மேல் விரலை வைத்து, இன்னொரு விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு இருதயத்தின் அளவைக் கணித்தார். பானை வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வீரர்களுக்கு இருதயம் பெரியதாக இருந்தது. பெரிய இருதயம் அதிக வேலை செய்யும் இருதயம், அது நல்லதுதான் என்று ஹென்ஷன் எழுதினார்.

ஆனால் மற்றப் பல வைத்தியர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நோயாளிகளின் இருதயம் பெருத்துப்போவதை அவர்கள் தினந்தோறும் பார்த்தவர்கள். பெருத்த இருதயம் என்றால் கெட்ட இருதயம் என்பது அவர்கள் அனுபவம். அதே காலத்தில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டக்காரர்களையும் வைத்தியர்கள் பரிசோதித்தார்கள். பலருடைய மார்பில் இரைச்சல் கேட்டது. அதிகமாக ஓடினால் இருதயம் தொய்ந்துபோகும் என்ற பயம் பரவியது. விளையாட்டு வீரர் இருதயம் என்பது ஒரு வியாதியின் பெயரைப் போலவே வழங்கிற்று.

1912-ம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவம் அந்தப் பயத்தை இன்னும் வளர்த்தது. அந்த வருஷம் ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் பந்தயம். மாரத்தான் நடந்த ஜூலை 14-ந் தேதி கடும் வெயில். ஓடியவர்களில் பாதிப்பேர் வழியிலேயே நின்றுவிட்டார்கள். போர்ச்சுகல் தேசத்து வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ மயங்கி விழுந்தார். மறுநாள் இறந்தார். வெப்பந்தான் அவருடைய உயிரைக் குடித்தது. அதே பந்தயத்தில் டிமாரும் ஓடினார். 12-வதாக வந்தார்.

ஐந்து வருஷ மௌனம்

ஊருக்குத் திரும்பிய டிமார் மாரத்தானிலிருந்து ஒதுங்கினார். பாஸ்டன் பந்தயத்தில் ஐந்து வருஷம் அவரைக் காணோம். புகழ் உச்சியில் இருந்தவர் ஏன் விலகினார்?

வைத்தியரின் எச்சரிக்கை ஒரு காரணம். வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டு சர்வகலாசாலையின் மாலை வகுப்புக்களில் படித்து வந்தார். அது இன்னொரு காரணம். தேவாலயப் பற்று மூன்றாவது காரணம். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்களுக்கு வேதபாடம் நடத்துகிறவர் அவர். கைதட்டலுக்காக ஓடுவது தற்பெருமை ஆகாதா என்ற சந்தேகம் அவருக்கு உண்டு.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. 1917-ல் மறுபடியும் பாஸ்டன் பாதையில் இறங்கினார். மூன்றாவதாக வந்தார். அதற்குள் முதல் உலக யுத்தம் அமெரிக்காவையும் இழுத்துக்கொண்டது. டிமார் பட்டாளத்தில் சேர்ந்தார்.

யுத்தம் முடிந்து திரும்பியபோது அவருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. ஓட்டக்காரருக்கு அது கிழப்பருவம் என்று அந்த நாளில் நினைத்தார்கள். டிமார் அப்படி நினைக்கவில்லை.

1922-ல் பாஸ்டனில் மீண்டும் வென்றார். முதல் வெற்றிக்கும் இரண்டாம் வெற்றிக்கும் நடுவே 11 வருஷம்! நேரம் 2 மணி 18 நிமிடம் 10 விநாடி. இருபத்திரண்டு வயதில் தாம் ஓடியதைவிட முப்பத்து மூன்று வயதில் வேகமாக ஓடினார். 1923-ல் வென்றார். 1924-ல் வென்றார். அதே 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் மூன்றாவதாக வந்து வெண்கலப் பதக்கம் பெற்றார். 1925-ல் பாஸ்டனில் இரண்டாவது இடம். 1926-ல் மூன்றாவது இடம். 1927-லும் 1928-லும் மறுபடியும் முதல் இடம். கடைசியாக 1930-ல், 41-வது வயதில், ஏழாவது தடவையாக வென்றார்.

முதல் நாளில் அந்தப் பாதை சுமார் இருபத்து நாலரை மைல். பின்னால் அது 26 மைல் 385 கஜம் என்ற முழு மாரத்தான் தூரமாக நீட்டப்பட்டது. தூரம் கூடியது; வயது கூடியது; டிமாரின் வெற்றியும் கூடியது. ஜனங்கள் அவருடைய பெயரோடு பந்தயத்தின் பெயரையும் சேர்த்து மிஸ்டர் டிமாரத்தான் என்று வேடிக்கையாக அழைத்தார்கள். பாஸ்டனில் ஆண்கள் ஓட்டத்தில் ஏழு வெற்றி பெற்றவர் 2024 வரையில் வேறு யாரும் இல்லை. 41 வயதில் வென்றவரும் வேறு யாரும் இல்லை.

இவ்வளவு வெற்றியிலும் அவர் சம்பாதித்த பணம் ஒன்றும் இல்லை. அந்த நாளில் மாரத்தான் ஓட்டத்துக்குப் பணப் பரிசு கிடையாது. கோப்பையை வீட்டில் வைத்துவிட்டு அச்சுக்கூடத்துக்கு வேலைக்குப் போவார். வெற்றி பெற்றவரைப் பற்றிய செய்தியை அடுக்கும் தொழிலாளிகளோடு சேர்ந்து தாமும் எழுத்துக்களை அடுக்குவார்.

குணத்தில் அவர் தனி ரகம். அதிகம் பேசமாட்டார். முன்கோபம் உண்டு. ஓடும்போது குறுக்கே வந்து தொந்தரவு செய்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. ஆனால் சாரணச் சிறுவர்களுக்கும் வேதபாடச் சிறுவர்களுக்கும் அவர் பொறுமையான ஆசான். நாற்பது வயதை ஒட்டித்தான் கல்யாணம் செய்துகொண்டார். நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் கீன் என்ற ஊரில், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அச்சுத் தொழில் கற்பிக்கும் வேலை கிடைத்தது. அங்கிருந்து வந்துதான் ஏழாவது வெற்றியைப் பெற்றார்.

1937-ல் மாரத்தான் என்ற பெயரில் தம் வாழ்க்கையை ஒரு நூலாக எழுதினார். 1911-ல் தம்மை எச்சரித்த வைத்தியர் பின்னர் இருதய நோயால் இறந்ததை அதில் சொல்லியிருக்கிறார். ஒருவேளை அவர் தம்முடைய இருதயச் சத்தத்தையே தவறுதலாகக் கேட்டுவிட்டாரோ என்று கேலியும் செய்திருக்கிறார்.

நகரும் பட்டையில் ஓடிய வீரர்

1927-ம் ஆண்டு ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஒரு புது ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார்கள். மனிதனுக்குக் களைப்பு ஏன் வருகிறது என்று ஆராய்வது அதன் வேலை. டில் என்ற விஞ்ஞானி அதில் முக்கியமானவர். ஓடுகிறவர் ஒரே இடத்தில் இருக்க, காலுக்குக் கீழே ஒரு பட்டை நகர்ந்துகொண்டே இருக்கும் இயந்திரம் அங்கே இருந்தது. பலரை அதில் ஓடவிட்டுப் பரிசோதித்தார்கள். டிமாரும் வந்து ஓடினார்.

கடுமையாக உழைத்தால் தசைகளில் லாக்டிக் அமிலம் என்ற பொருள் உண்டாகி ரத்தத்தில் கலக்கும். தசைகள் மூச்சுக்காற்றுப் போதாமல் திண்டாடத் தொடங்கியதற்கு அது ஓர் அடையாளம். மற்றவர்கள் ஓடிய அதே வேகத்தில் டிமாரும் ஓடினார். மற்றவர்கள் ரத்தத்தில் அந்த அமிலம் ஏறியது. டிமாரின் ரத்தத்திலோ உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு உள்ள அளவுக்கு மேல் அதிகமாக ஏறவே இல்லை. மற்றவர்களுக்கு ஓட்டம், அவருக்கு அது உலாவப் போவது போல!

அவருடைய தசைகளுக்கு வேண்டிய பிராணவாயுவை ரத்தம் தட்டில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பது இதிலிருந்து தெரிந்தது. ரத்தத்தை அனுப்புவது இருதயம். அப்படியானால் கெட்டுப்போனது என்று சொல்லப்பட்ட இருதயம் எப்படி இவ்வளவு வேலை செய்கிறது?

இருதயம் எப்படி மாறுகிறது?

இருதயம் என்பது தசையால் ஆன ஒரு பம்பு. அளவு ஒருவருடைய மூடிய கையளவு. எடை சுமார் 300 கிராம். சாதாரண மனிதன் சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்குச் சுமார் 70 தடவை துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லி லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளும். பெருக்கிப் பார்த்தால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர்.

வருஷக்கணக்காக நெடுந்தூரம் ஓடிப் பழகியவருக்கும் சும்மா இருக்கும்போது அதே 5 லிட்டர் போதும். ஆனால் அவருடைய இருதயம் 45 அல்லது 50 தடவைதான் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் 100 மில்லி லிட்டருக்கு மேல் தள்ளும். சின்னச் செம்பால் எழுபது தடவை மொண்டு ஊற்றுவதும், பெரிய குடத்தால் நாற்பத்தைந்து தடவை மொண்டு ஊற்றுவதும் கடைசியில் ஒரே அளவுதான். குடம் பெரியது, வேலை நிதானம்.

ஓடத் தொடங்கினால்தான் வித்தியாசம் தெரியும். பழக்கம் இல்லாதவர் முழு மூச்சாக ஓடினால் அவருடைய இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 20 லிட்டர் ரத்தம் அனுப்பும். தேர்ந்த நெடுந்தூர வீரரின் இருதயம் 35 லிட்டர், சிலருக்கு 40 லிட்டர்கூட அனுப்பும்.

இது எப்படி நடக்கிறது? நெடுநேரம் ஓடும்போது ஏராளமான ரத்தம் இருதயத்துக்குத் திரும்பி வருகிறது. உள்ளறை நிறைந்து விரிகிறது. இப்படித் தினந்தோறும் நடந்தால், மாதங்களும் வருஷங்களும் செல்லச் செல்ல, அறை கொஞ்சம் கொஞ்சமாக விசாலமாகிறது. அதற்கேற்பச் சுவரும் கனம் பெறுகிறது. கொல்லன் கை உரம் ஏறுவதுபோல இருதயத் தசையும் உரம் ஏறுகிறது. பாரம் தூக்குகிறவர்களுக்கு வேறு மாதிரி. பளுவைத் தூக்கும் அந்தச் சில விநாடிகளில் ரத்த அழுத்தம் மிகவும் ஏறும். அதை எதிர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் அவர்களுடைய இருதயத்தில் சுவர்தான் அதிகமாகத் தடிக்கும் என்று 1975-ல் ஓர் ஆராய்ச்சி சொல்லிற்று. காதுக்குக் கேட்காத ஒலி அலைகளைக் கொண்டு இருதயத்தைப் படம் பிடிக்கும் கருவி வந்த பிறகு இதெல்லாம் கண்ணால் காணக் கிடைத்தது. ஓட்டம் வேறு, பளு வேறு என்று அவ்வளவு தெளிவாகப் பிரிக்க முடியாது, பல வீரர்களிடம் இரண்டும் கலந்தே காணப்படும் என்பது பிறகு தெரிந்தது.

மிருகங்களிடமும் இந்த வித்தியாசம் உண்டு. கூண்டில் வளரும் முயலைவிடக் காட்டில் ஓடித் திரியும் பெரிய முயலுக்கு உடம்பின் அளவுக்கு மிஞ்சிய பெரிய இருதயம் இருக்கிறது.

சரி, 1911-ல் கேட்ட இரைச்சல் என்ன? வாய்க்காலில் தண்ணீர் மெதுவாகப் போனால் சத்தம் இல்லை. மடை திறந்து வெள்ளம் பாய்ந்தால் சலசலப்புக் கேட்கும். பெரிய இருதயம் ஒரே துடிப்பில் ஏராளமான ரத்தத்தைத் தள்ளும்போதும் அப்படி ஒரு சத்தம் எழுவது உண்டு. வால்வு பழுதானாலும் இரைச்சல் கேட்கும். வால்வு நன்றாக இருந்தாலும் கேட்கும். இரண்டையும் பிரித்து அறிவது அந்தக் காலத்தில் எளிதாக இல்லை.

கடைசிப் பரிசோதனை

டிமார் ஓட்டத்தை விடவே இல்லை. ஐம்பது வயதிலும் ஓடினார். அறுபதிலும் ஓடினார். பாஸ்டன் பந்தயத்தில் மட்டும் முப்பது தடவைக்கு மேல் ஓடியிருக்கிறார். அங்கே அவர் கடைசியாக ஓடியது 1954-ல். அப்போது வயது 65. பேரப்பிள்ளை வயதுள்ளவர்களோடு அவர் ஓடி வருவதைப் பார்த்த ஜனங்கள் வெற்றி பெற்றவருக்குச் சமமாக அவருக்கும் கைதட்டினார்கள்.

பிறகு புற்றுநோய் கண்டது. 1958-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி, மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ரெடிங் என்ற ஊரில் டிமார் காலமானார். எழுபதாவது பிறந்தநாள் கழிந்து நாலாம் நாள். வைத்தியர் பயந்த இருதயம் அவரைக் கொல்லவில்லை. கடைசி வரை அது தன் வேலையைச் செய்தது.

அவருடைய இருதயத்தைப் பரிசோதிக்கும் வாய்ப்பு வைத்தியர்களுக்குக் கிடைத்தது. ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதியவர்கள் இருவர். ஒருவர் டாக்டர் ஜேம்ஸ் கரென்ஸ். மற்றவர் டாக்டர் பால் டட்லி ஒயிட். ஒயிட் என்பவர் சாமானியர் அல்ல. 1955-ல் ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது வைத்தியம் பார்த்த புகழ் பெற்ற இருதய நிபுணர். நடையும் சைக்கிள் சவாரியும் இருதயத்துக்கு நல்லவை என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தவர்.

1961-ல் கட்டுரை வெளிவந்தது. படித்தவர்கள் வியந்தார்கள். டிமாரின் இருதயத் தசை நல்ல திடமாக இருந்தது. அதைவிட அதிசயம் வேறொன்று. இருதயத்துக்கும் உணவு வேண்டும் அல்லவா? அதன் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் இருதயத்தின் மேல் மகுடம் போலச் சுற்றிக்கொண்டிருக்கும். மாரடைப்பு வருவது இந்தக் குழாய்கள் அடைபடுவதால்தான். சாதாரணமாக இவை தொடங்கும் இடத்தில் மூன்று நாலு மில்லி மீட்டர் அகலந்தான் இருக்கும். டிமாருக்கோ இவை சாதாரண அளவைப்போல இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன!

வயதானால் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவது வழக்கம். அந்தப் படிவு டிமாருக்கும் ஓரளவு இருந்தது. ஆனால் குழாய் அவ்வளவு விசாலமாக இருந்ததால் ரத்த ஓட்டம் தடைபடவில்லை. சந்து வழியில் ஒரு வண்டி நின்றால் போக்குவரத்து நின்றுபோகும். ராஜபாட்டையில் நின்றால் மற்ற வண்டிகள் ஒதுங்கிப் போய்விடும். அதுபோலத்தான்.

ஓடினால் போதுமா?

டிமாரின் கதை அதோடு முடிந்துவிடவில்லை. அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் சிலர் அளவு மீறிப்போனார்கள். மாரத்தான் ஓடுகிறவருக்கு மாரடைப்பே வராது என்று 1970-களில் ஒரு வைத்தியர் பிரசாரம் செய்தார். பலர் நம்பினார்கள்.

அது தவறு என்று நாள் காட்டிற்று. ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்கர் ஓட்டத்தின் நன்மைகளைப் பற்றி 1977-ல் ஒரு நூல் எழுதினார். அது ஏராளமாக விற்பனையாயிற்று. அதைப் படித்து லட்சக்கணக்கானவர்கள் ஓடத் தொடங்கினார்கள். 1984-ம் ஆண்டு ஜூலை மாதம் அவர் தனியே ஓடிக்கொண்டிருந்தபோது சாலையில் விழுந்து இறந்தார். வயது 52. இடம், டிமார் ஓடக் கற்றுக்கொண்ட அதே வெர்மான்ட் மாகாணம். இருதயத்து ரத்தக் குழாய்கள் அடைபட்டிருந்தன. அவருடைய தகப்பனாரும் 43 வயதில் இருதய நோயால் இறந்தவர். ஃபிக்ஸ் ஓடத் தொடங்கும் முன் நிறைய சிகரெட் பிடித்தவர், உடல் கனத்தவர். ஓட்டம் அவருடைய ஆயுளைச் சில வருஷம் நீட்டியிருக்கலாம். பரம்பரையையும் பழைய பழக்கத்தையும் அடியோடு அழிக்க அதனால் முடியவில்லை.

டிமாரின் அகன்ற குழாய்கள் ஓடி ஓடி அகன்றவையா, பிறவியிலேயே அகன்றவையா? ஒரே மனிதரின் இருதயத்தைக் கொண்டு அதைத் தீர்மானிக்க முடியாது. நெடுந்தூரப் பயிற்சி அந்தக் குழாய்களை விரிந்துகொடுக்கச் செய்கிறது என்று பின்னால் வந்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பிறவி அமைப்புக்கும் பங்கு உண்டு என்பதை வைத்தியர்கள் மறுக்கவில்லை.

வீரரின் பெரிய இருதயத்தையும் நோயாளியின் பெரிய இருதயத்தையும் இன்று பிரித்து அறிய முடிகிறது. வீரரின் இருதயம் பெரிதானாலும் நன்றாகச் சுருங்கி விரியும். பயிற்சியை நிறுத்தினால் மாதக்கணக்கில் மெல்லச் சிறுத்துவிடும். நோயால் பெருத்த இருதயம் தொய்ந்துபோகும், அல்லது விறைத்துப்போகும். குடும்ப வழியாக வரும் ஒரு நோயில் இருதயச் சுவர் காரணமின்றித் தடிக்கும். அது உள்ள இளைஞர்கள் மைதானத்தில் திடீரென்று விழுந்து இறப்பது உண்டு. பல வருஷம் கடும் பயிற்சி செய்த வீரர்கள் சிலருக்கு நடு வயதுக்கு மேல் துடிப்பு ஒழுங்கு தவறுவதும் உண்டு.

ஆகையால் 1911-ம் ஆண்டு வைத்தியர் மார்பில் காதை வைத்துக் கேட்டது தவறல்ல. கேட்க வேண்டியதுதான். ஓடும்போது மார்பு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தாலோ, வைத்தியரைப் பார்த்த பிறகே பயிற்சியில் இறங்க வேண்டும். டிமாரைப் பார்த்து வைத்தியர் சொல்லைத் தட்டக் கற்றுக்கொள்ளக் கூடாது. அவருடைய கேள்விக்கு விடை சொல்லும் கருவிகள் அன்று இல்லை. இன்று இருக்கின்றன.

டிமாரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. அவர் ஒரே நாளில் மாரத்தான் ஓடியவர் அல்ல. எட்டு வயதில் ஊசி நூல் கூடையோடு நடந்தார். இருபது வயதுக்கு மேல் அச்சுக்கூடத்துக்கு ஓடினார். அறுபத்தைந்திலும் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, நாள் தவறாமல் பழக்கியதால்தான் அந்த இருதயம் அப்படி உரம் பெற்றது.

அவர் வேலை பார்த்த கீன் நகரில் 1978 முதல் அவருடைய பெயரால் ஒரு மாரத்தான் பந்தயம் நடந்து வருகிறது. பரிசோதனை வரிசையில் தலையை ஆட்டிவிட்டுப் போய் ஓடிய அந்த அச்சுக்கூடத் தொழிலாளியை அந்த ஊர் மறக்கவில்லை.